தவறி விழுந்தது யாருடைய தவறு?

கடலோர மாவட்டங்களின் நாளிதழ்ப் பதிப்புகளில் ஆண்டு முழுவதும் வெளிவரும் செய்தி ஒன்று உண்டு: ‘படகிலிருந்து கடலில் தவறி விழுந்த மீனவர் பலி’. பெயரும் ஊரும் மாறுமே ஒழிய வாக்கியம் மாறுவதில்லை. மொழிபெயர்ப்பே கட்சிப் பணியாக அமைந்துவிட்ட என்னைப் போன்றோருக்கு இந்த வாக்கியத்தை எளிதில் கடந்துபோக இயலாது. தமிழில் ‘தவறுதல்’ என்னும் வினைக்கு நழுவுதல், பிழைபடுதல், இறந்துபோதல் ஆகிய மூன்று பொருள்களும் உண்டு. அந்த மூன்றையும் ஒரே மனிதனின் தலையில் இந்தச் செய்தி ஏற்றிவிடுகிறது. நழுவியவனும் அவன், பிழை செய்தவனும் அவன், மாண்டவனும் அவன். படகை அந்த நிலையில் கடலுக்கு அனுப்பிய பொருளாதாரத்துக்கோ, அவனைத் தொழிலாளி என்றே ஏற்க மறுக்கும் சட்டத்துக்கோ அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது நம் இலக்கண மரபு. அது அகப்பாடலுக்கான விதி. கடலோர மக்களின் வாழ்க்கைக்கு அதுவே நிரந்தர விதி என்று ஓர் அரசு நடந்துகொண்டால், அதை விதி என்றல்ல, கொள்கை என்றே நாம் அழைக்க வேண்டும்.

சிறு படகிலிருந்து மனிதன் எப்படி விழுகிறான்? பைபர் படகின் விளிம்பு தாழ்வானது. வலையை இழுப்பவன் அந்த விளிம்பில் கால் ஊன்றி, உடலின் பாரத்தைக் கடலின் பக்கம் சாய்த்துத்தான் இழுக்க முடியும். பக்கவாட்டிலிருந்து ஓர் அலை எழுந்தாலும், ஓடும் கயிற்றின் சுருள் கணுக்காலில் சிக்கினாலும் அவன் நீருக்குள் கிடப்பான். கழிப்பறை இல்லாத படகில், இரவில் இயற்கை உபாதைக்காகப் பின்புற விளிம்புக்குச் செல்பவனை உறக்கத்திலிருக்கும் மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 250 மீட்டர் விலகிச் சென்றுவிடும். அந்தத் தொலைவில், அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது பகலிலேயே அரிது. தனியே சென்றவனுக்கோ, கூப்பிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை.

இது நம் கடலுக்கு மட்டுமே உரிய நிலையன்று. அமெரிக்க வணிக மீன்பிடித் தொழிலில் 2000 முதல் 2016 வரை படகிலிருந்து விழுந்து இறந்தவர்கள் 204 பேர் என்று அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விழுந்ததை எவரும் பார்க்கவில்லை. ஒருவர்கூட மிதவை உடை அணிந்திருக்கவில்லை. அந்த நாட்டிடம் குறைந்தபட்சம் ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரண அறிக்கையில் ‘படகு கவிழ்தல்’ என்று ஒரு தலைப்பும், ‘தற்செயலாக நீர்நிலையில் விழுதல்’ என்று இன்னொரு தலைப்பும் உள்ளன. வலை இழுக்கும்போது விழுந்த தொழிலாளியும், கிணற்றில் விழுந்த குழந்தையும் ஒரே வரிசையில் எண்ணப்படுகிறார்கள். உழைப்பின்போது நேர்ந்த சாவு என்னும் அடையாளம் கணக்கெடுப்பிலேயே அழிக்கப்பட்டுவிடுகிறது.

‘மிதவை உடையைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் செத்திருப்பானா?’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். மிதவை உடை உயிர் காக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வெயிலில் எட்டு மணி நேரம் வலை இழுப்பவனிடம், வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும் தடித்த ஆரஞ்சு நிற உடையைக் கொடுத்துவிட்டு ‘அணிந்துகொள்’ என்பது பாதுகாப்பு ஆகாது. வேலைக்கு இடையூறில்லாத மெல்லிய மிதவை உடைகள் உலகச் சந்தையில் இருக்கின்றன. ஆள் விழுந்தவுடன் இயந்திரத்தை நிறுத்திவிடும் இணைப்புக் கயிறும் இருக்கிறது. நீரிலிருந்து படகில் திரும்ப ஏற ஒரு கயிற்று ஏணி போதும். ஆழ்துளைச் சுரங்கத்தில் இறங்குபவனுக்குத் தலைக்கவசம் தர வேண்டிய பொறுப்பு யாருடையது என்று நாம் கேட்கிறோம். கடலில் இறங்குபவனிடம் மட்டும் ‘உன் கவசம் எங்கே?’ என்று கேட்கிறோம்.

இனி நான் வாழும் ஹைதராபாத்துக்கு வருகிறேன். தெலங்கானாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இந்தியக் கடல்களின் அலை உயரம் கணிக்கப்படுவது இந்நகரின் பிரகதி நகரில்தான். 1999இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இங்கே இயங்குகிறது. 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையமும் இதன் பகுதியே. 2020இல் இம்மையம் சிறு படகுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கைச் சேவையைத் தொடங்கியது. அலையின் உயரம், அதன் செங்குத்துத் தன்மை, திசைப் பரவல், காற்றின் திடீர் எழுச்சி ஆகியவற்றைக் கொண்டு, 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகள் எந்தப் பகுதியில் கவிழக்கூடும் என்று 10 நாள் முன்கூட்டியே சொல்கிறது. பொதுத்துறை அறிவியலின் உண்மையான சாதனை இது. அந்த விஞ்ஞானிகளுடன் நமக்கு எந்தப் பிணக்கும் இல்லை.

பிணக்கு அரசோடுதான். ‘கடலுக்குப் போகாதே’ என்று சொல்ல ஹைதராபாத்துக்குத் தெரிகிறது. ‘போகாத நாளில் உன் அடுப்பு எப்படி எரியும்?’ என்று கேட்க டெல்லிக்கும் தெரியவில்லை, சென்னைக்கும் தெரியவில்லை. நம் கரைகளில் மீனவன் கூலிக்கு அல்ல, பங்குக்கு உழைக்கிறான். டீசல், பனிக்கட்டி, உணவுச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கும் போக மிஞ்சியதே அவனுக்கு. மீன் கிடைக்காத நாளில் ஒன்றும் இல்லை. போகாத நாளிலும் ஒன்றும் இல்லை. படகு வாங்க முன்பணம் கொடுத்த ஏல வியாபாரிக்கோ, மீன் வந்தால்தான் கடன் கழியும். இந்த நிலையில் ஊதியமில்லாத எச்சரிக்கை, தொழிலாளியைக் காப்பதைவிட அரசையே காக்கிறது. நாளை அவன் இறந்தால் ‘நாங்கள் சொன்னோம், அவன் கேட்கவில்லை’ என்று எழுதிவைக்க அது உதவுகிறது.

கடலை மூடினால் ஈடு தர வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததன்று. மீன்கள் இனம் பெருக்குவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அதற்காகத் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய். தொகை அற்பமே. எனினும் கொள்கை சரியானது. மீன்பிடிப்பு குறைந்த பருவத்துக்கென 6,000 ரூபாயும் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு முறை தரும் தொகை, எச்சரிக்கை விடுத்த நாட்களின் எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை. மீன் பிழைக்கும் நாட்களுக்கு ஈடு தரும் அரசு, மனிதன் பிழைக்க வேண்டிய நாட்களுக்கும் தர வேண்டும் என்பதே நம் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடப்புக்குக் கொண்டுவந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பொதுவாக 10 தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தும். மூவரும் ஐவரும் செல்லும் படகு அதன் கண்ணில் படாது. ஆனால் உயிருக்கு ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தால் இந்த எண்ணிக்கை வரம்பு தடையாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. மீன்பிடித் தொழிலால் உலகில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைவிட ஆபத்தான தொழில் வேறு எது?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 188ஆவது உடன்படிக்கை மீன்பிடிப் பணி பற்றியது. பங்கு முறையில் உழைப்பவரையும் அது தொழிலாளராகவே வரையறுக்கிறது. 2007இல் நிறைவேறிய அந்த உடன்படிக்கை 2017 நவம்பர் 16 அன்று நடப்புக்கு வந்தது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. சரியாக இரண்டு வாரம் கழித்து ஒக்கி வந்தது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர், பலரின் உடல்கூடக் கரை சேரவில்லை. எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்று அதிகார மட்டங்கள் வழக்காடிக்கொண்டிருந்தபோது, மீனவர்களே தம் படகுகளை எடுத்துக்கொண்டு தேடச் சென்றார்கள்.

உடல் கிடைக்காத குடும்பத்தின் துயரம் தனியானது. ஏழு ஆண்டுகள் எவ்விதத் தகவலும் இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்றது சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏழாண்டைக் கைவிடவில்லை. பிரதமர் பெயரிலான மீன்வளத் திட்டத்தின் விபத்துக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறது, ஆனால் காப்பீடு கேட்பது இறப்புச் சான்றை. பெருந்துயரமாகப் பலர் ஒருசேர மறைந்தால் மக்கள் கொந்தளிப்பார்கள், அரசும் சிறப்பு ஆணை பிறப்பிக்கும். ஒக்கியின்போது அப்படித்தான் காணாமல் போனோர் குடும்பங்களுக்கும் ஈடு கிடைத்தது. தன்னந்தனியே ஒருவன் ஓர் இரவில் விழுந்து மறைந்தால் அவன் மனைவிக்கு எந்த ஆணையும் பிறப்பதில்லை. அவள் கைம்பெண்ணும் அல்ல, கணவன் உள்ளவளும் அல்ல என்னும் நிலையில் கடன்காரனுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம் அணியைப் பற்றியும் பேசாமல் இந்த விவாதம் நேர்மையாகாது. 2023 ஜூலை 10 அன்று கேரளத்தின் முதலப்பொழியில், துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நால்வர் இறந்தனர். அங்கு நேர்ந்த முதல் விபத்து அதுவன்று. அப்போது ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. சென்ற அமைச்சர்களை மக்கள் மறித்தார்கள். 2018 வெள்ளத்தில் தம் படகுகளோடு வந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர்கள் இதே கடலோர மக்கள்தான். அவர்களின் சினத்தைத் தூண்டுதல் என்றும் சதி என்றும் மட்டும் படிப்பது மார்க்சிய வாசிப்பு அன்று. தமிழ்நாட்டின் தேங்காப்பட்டணத்தில் அலைத்தடுப்புச் சுவரைச் சரிசெய்யக் கோரி மக்களோடு நிற்கும் நாம், முதலப்பொழியிலும் அதே அளவுகோலை ஏந்த வேண்டும். இல்லையேல் கடற்கரை நம்மை நம்பாது. அந்த வெற்றிடத்தில் சாதி, மத அரசியல் வலை விரிக்கும்.

‘படகு உரிமையாளரே ஏழை, யாரிடம் ஈடு கேட்பது?’ என்ற கேள்வி நம் சங்கங்களுக்குள்ளும் எழுகிறது. கேள்வி நியாயமானது. விடை கட்டுமானத் தொழிலில் ஏற்கெனவே உள்ளது. ஒரே முதலாளியிடம் நிலையாக வேலை செய்யாத கொத்தனாருக்காக, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் தீர்வை வசூலிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. போராடிப் பெற்ற சட்டம் அது. இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 2024-25இல் 62,408 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி பண்ணை இறால் என்பது உண்மை. அதனால் என்ன? மீன்வளத் துறை முழுவதையும் ஒரே தொழிலாகக் காட்டிப் பெருமை பேசும் அரசு, தீர்வை என்று வரும்போது மட்டும் அதைப் பிரித்துக் காட்டக் கூடாது. ஒரு சதவீதம் 624 கோடி ரூபாய். எச்சரிக்கை நாள் ஊதியத்துக்கு அது நல்ல தொடக்கம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். மீன்பிடித்தலை உயிராபத்தான தொழிலாக ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். 188ஆவது உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய வேண்டும். எச்சரிக்கை விடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஊதியம் வேண்டும். அணியக்கூடிய மிதவை உடையும், இயந்திரம் நிறுத்தும் கயிறும், ஏணியும் இலவசமாகத் தரப்பட வேண்டும். காணாமல் போனவர் குடும்பத்துக்கு, ஏழாண்டு காத்திராமல், மாவட்ட ஆட்சியரின் விசாரணையின் பேரில் 90 நாட்களுக்குள் இறப்புச் சான்று வேண்டும். ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் தெப்பத்திலும் பரிசலிலும் சென்று வலை வீசும் உள்நாட்டு மீனவருக்கும், தெலங்கானா உட்பட, இவை அனைத்தும் பொருந்த வேண்டும்.

இவற்றுக்கு முன் ஒரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை ஒவ்வொரு கடலோரக் கிளையும், தன் ஊரில் கடந்த பத்தாண்டில் கடலில் விழுந்து இறந்தோர், காணாமல் போனோர் பட்டியலைத் தயாரிக்கட்டும். எந்த நாளில், எந்தப் படகில், எச்சரிக்கை இருந்ததா, ஈடு கிடைத்ததா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். அரசு எண்ண மறுத்தவர்களைக் கட்சி எண்ணத் தொடங்கினால்தான், இந்தச் சாவுகள் தவறுதலாக நிகழ்ந்தவை அல்ல என்று வீதியில் நின்று பேசும் தகுதி நமக்கு வரும்.