சேர்ந்து வாசித்ததைச் சேர்த்தே பதியுங்கள்

யந்திரங்களை வைத்துச் சங்கீதம் செய்கிறவர்களிடையே ஓர் உபதேசம் உலவுகிறது. ஒரு டிரம் மெஷின், இரண்டு சிந்தசைஸர், ஒரு சீக்வென்ஸர் என்று நாலைந்து பெட்டிகளை மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு, "இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவது எப்படி?" என்று ஒருவன் கேட்டால் போதும். "ஒவ்வொன்றாகப் பதிந்துகொள். முதலில் தாளம், பிறகு மந்திரஸ்தாயி, அப்புறம் மற்றவை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம்" என்று பதில் வந்துவிடும். சிக்கனம் என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும் துர்ப்புத்தி இது என்பது என் கட்சி.

நான் சங்கீத வித்வான் அல்ல, கதை எழுதுகிறவன். என் தொழிலில் இதே யோசனையைக் கையாண்டால் என்ன ஆகும்? காதலன் பேசும் வசனங்களையெல்லாம் முதல் வாரம் எழுதிவிட்டு, காதலியின் வசனங்களை அடுத்த வாரம் எழுதி, இரண்டையும் கோத்து அச்சுக்கு அனுப்பினால் இலக்கணப் பிழை இராது. சம்பாஷணையும் இராது.

"யந்திரம் மனிதனல்லவே!" என்பார்கள். வாஸ்தவம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு வாத்தியக் கண்காட்சியில், அந்நாட்டுக் கம்பெனியின் புரொஃபெட்-600 என்ற வாத்தியத்தையும் ஜப்பானிய ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 என்ற வாத்தியத்தையும் ஒரு கம்பியால் இணைத்துப் பேச வைத்தார்கள். மிடி என்ற அந்த ஏற்பாட்டில், தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் 24 துடிப்புகள் கம்பி வழியே போகின்றன. எல்லாப் பெட்டிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன. நூறு தடவை ஓட்டினாலும் நூறு தடவையும் அதே ஸ்வரங்கள்தாம். பின் ஏன் ஏககாலத்தில் பதிய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஸ்வரங்கள் மாறுவதில்லை, கை மாறுகிறது என்பதுதான் பதில். 1981-ல் ரோலண்ட் கம்பெனி டிபி-303 என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. தனியாக கிடார் பழகுகிறவனுக்கு மந்திரஸ்தாயித் துணையாக இருக்கட்டும் என்பது நோக்கம். சந்தை அதைச் சீந்தவில்லை. 1984-க்குள் உற்பத்தியே நின்றுவிட்டது. அந்தப் பெட்டியைத்தான் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற இளைஞர் குழு எடுத்து, டிரம் மெஷின் ஓட ஓட, அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டே போயிற்று. 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று இசைத்தட்டாக வந்தது அது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது; ஸ்வரக் கோவை திரும்பத் திரும்ப ஒன்றேதான். மாறிக்கொண்டிருப்பது குமிழைத் திருகுகிற விரல். அந்த விரலால் ஒரு நடனச் சங்கீத வகையே பிறந்தது.

"தாளத்தை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருகலாமே?" என்றால், திருகலாம். ஆனால் பதிந்துபோன தாளம் பதில் சொல்லாது. ஓசை பெருகிவரும் கணத்தில், இடது கையால் தாளத்தைச் சட்டென்று நிறுத்தலாம் என்று தோன்றுகிறதே, அந்த யோசனைக்கு அங்கே இடம் இல்லை. நேற்றே எல்லாம் முடிவாகிவிட்டது!

கருவி இல்லையா? 1957-ல் லெஸ் பால் என்ற கிடார் கலைஞருக்கு ஆம்பெக்ஸ் கம்பெனி எட்டு டிராக் பதிவு யந்திரம் செய்து கொடுத்தபோது, அது ஓர் அதிசயம். இன்று எட்டு உள்வாய்கள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு புத்தகத்தின் இடத்தில் அடங்கிவிடுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற கணக்கில் எட்டு டிராக்கும் சேர்ந்து நிமிஷத்துக்குச் சுமார் 70 மெகாபைட். சாதாரணக் கம்ப்யூட்டர் அலட்டிக்கொள்ளாமல் விழுங்கும். ஸ்டீரியோ வாத்தியம் இரண்டு வாய் கேட்கும் என்பதை மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பெட்டிகளை இணைக்கும் சாமர்த்தியமும் ஜாக்கிரதையுடன் செய்யத் தக்கது: ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒன்றை மற்றொன்றுக்குக் கட்டுப்படுத்தாவிட்டால், நேரம் ஆக ஆக இரண்டும் பிரிந்து நடக்கும்.

இன்னொரு கட்சியும் உண்டு. "எல்லாவற்றையும் மிக்ஸரில் கலந்து இரண்டே டிராக்கில் பதி; அதுவே வீரம்" என்பவர்கள். இவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. நம் சென்னை ஸ்டூடியோக்களிலும் ஒரு காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில்தான் பாட்டைப் பதிந்தார்கள். ஆனால் அங்கே கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலோ வாசிக்கிறவனும் அவனே, ஒலிப்பதிவாளனும் அவனே. இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. தாளம் சற்றுத் தூக்கலாகிவிட்டால் பிற்பாடு குறைக்கவாவது வழி வேண்டாமா? ஆகையால் வாசிப்பு ஒன்றாக இருக்கட்டும். டிராக்குகள் தனித்தனியாக இருக்கட்டும்.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள், ஐந்தாவது சிந்தசைஸர் வாங்கும்போது மட்டும் ஏன் கணக்குப் பார்ப்பதில்லை? உண்மையில் பயம் பணத்தைப் பற்றியது அல்ல. ஒவ்வொன்றாகப் பதிகிறவன் எதையும் இன்று தீர்மானிக்க வேண்டியதில்லை. நாளை திருத்தலாம், மறுநாள் மாற்றலாம். இப்படித் திருத்தித் திருத்தியே முடியாமல் கிடக்கும் பாட்டுக்கள் எத்தனை கம்ப்யூட்டர்களில்! பதினைந்து நிமிஷம் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாக ஓட்டி, தவறினால் தவறட்டும் என்று வாசித்துப் பதியுங்கள். சரியில்லையா? மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள். ஒட்டுவேலையைவிட அது சீக்கிரம் முடியும்.