வீடற்றோர் துயரும் எமது கடமையும்



சென்ற மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வகுப்பு முடிந்து மாணவர் சிலருடன் பாடன் புகையிரத நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். சுவரோரமாக, நனைந்த போர்வையினுள் ஒருவர் சுருண்டு கிடந்தார். "சேர், இவருக்கு ஏன் வீடு இல்லை?" என்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வினவினாள். "அங்கே பார்க்காதே, வா" என்று கூறி அவள் கையைப் பற்றி விரைந்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. தாயகத்திலும் இங்கும் ஆசிரியராக இருந்த காலம் முழுவதிலும், மாணவர் எவரது வினாவுக்கும் இத்துணை இழிவான விடையை நாம் அளித்ததில்லை.

நாமும் ஒருகாலத்தில் வீடற்றிருந்தவரே. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது எமக்கு வயது பதினைந்து. மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, முதற் சில இரவுகளை ஒரு தேவாலயத்தின் விறாந்தையிற் கழித்தோம். எமது நெற்றியில் திருநீறு இருந்தது. அங்கிருந்தோர் எமது சமயத்தையோ சாதியையோ கேட்கவில்லை. பாணும் வெறுந்தேநீரும் தந்து, படுக்கச் சாக்கும் விரித்தார்கள்.

இந்நாட்டிலும் அத்தகைய விறாந்தைகளைத் திறந்தோர் உளர். அவருள் முதன்மையானவர் சூரிச் நகரப் போதகர் ஏர்ன்ஸ்ட் சீபர் (1927–2018). பண்ணைக் கூலியாளாக உழைத்துப் பின்னர் கற்றுப் போதகரானவர் அவர். 1963இல் சூரிச் ஏரியே உறைந்துபோன கடுங்குளிரில், ஹெல்வேற்சியா சதுக்கத்தின் கீழுள்ள பதுங்குகுழியில் வீடற்றோருக்கு இடமளித்தார். போதைப்பொருளாலும் எயிட்ஸ் நோயாலும் நலிந்தோரை ஊரே வெறுத்தொதுக்கிய 1980களின் இறுதியில், அவர்களுக்கென ஒரு மருத்துவ இல்லத்தை உருவாக்கினார். 1991 முதல் 1995 வரை நாடாளுமன்றத்திலும் இருந்து அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். அவரது அமைப்பு 2002இல் தொடங்கிய 'உறங்கும் பேருந்து' குளிர்காலத்தில் வீடற்றோருக்குப் படுக்கையும் உணவும் அளித்து வருகின்றது. எமது பாடன் நகரிலும் 2019இல் இரவுத் தங்குமிடம் ஒன்று திறக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றதும் 'ஹோப்' என்னும் கிறிஸ்தவ சமூகப்பணி நிறுவனமே.

"இவர்கள் குடிகாரர்; கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள்" என்று எம்மவர் சிலர் கூறுவர. காசு கொடுக்கத் தயக்கமாயின் சூடான உணவைக் கொடுக்கலாம். மேலும், குடியினால் வீட்டை இழந்தவரும் உளர். வீட்டை இழந்தபின் குளிரையும் தனிமையையும் மறக்கக் குடிக்கத் தொடங்கியவரும் உளர். தெருவிற் கிடப்பவரைப் பார்த்த மாத்திரத்தில் இதனைப் பிரித்தறிய எவராலும் இயலாது. "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பார் வேறு சிலர். இந்நாட்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இன்னலுற்றோருக்கு உதவிபெறும் உரிமையை வழங்குகின்றது என்பது உண்மையே. ஆயினும் மனம் நோயுற்றவரும், பத்திரங்களை இழந்தவரும், வெட்கத்தாற் கூசுபவரும் அலுவலகத்தின் வாயிலை நாடிச் செல்வதில்லை. அவர்களை நாடி எவராவது செல்லவேண்டியுள்ளது.

அன்னதானம் எமக்குப் புதியதன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியானை 'அன்னதானக் கந்தன்' என்றே அழைக்கின்றோம். வள்ளலார் வடலூரில் 1867இல் தருமசாலை அமைத்துப் பசித்தோர் அனைவருக்கும் உணவளித்தார். ஆனால் இன்று புலம்பெயர்ந்த மண்ணில் எமது திருவிழாக்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும், வயிறு நிறைந்தோருக்கே மீண்டும் பரிமாறுகின்றோம். மிஞ்சியது குப்பைக்குப் போகின்றது. இதனை நாம் அனைவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எமது வேண்டுகோள் சிறியது. குளிர்காலம் முழுவதும், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு குடும்பமும் இப்பணிக்கென ஏதேனும் ஈதல் வேண்டும். என்ன தேவை என்பதைத் தங்குமிடத்தாரிடமே முதலிற் கேட்டறிதல் நன்று. உயர்வகுப்பு மாணவர் பெற்றோருடன் சென்று தொண்டாற்றலாம். பெற்றோராகிய எமக்கு யேர்மன் மொழி தட்டுத்தடுமாறி வரும். பிள்ளைகளோ இவ்வூர்ப் பேச்சுமொழியைச் சரளமாகப் பேசுகின்றனர். நாள் முழுவதும் எவரும் முகங்கொடுத்துப் பேசாத ஒருவருக்கு, உணவைப் போலவே ஒரு வாய்ச் சொல்லும் பெரிது.

மறுவாரம் வகுப்பில் அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். "ஏன் வீடு இல்லை என்பது சேருக்குத் தெரியாது, பிள்ளை. சேருக்கும் ஒருமுறை வீடு இல்லாமற் போனது, அப்போது தெரியாத ஆட்கள் இடம் தந்தார்கள்" என்றோம். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் ஒரு சோடிக் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து எமது மேசைமீது வைத்தாள். அன்று வகுப்பு முடிந்ததும் அவளையும் அவளது தாயாரையும் அழைத்துக்கொண்டு, அதே வழியால் நடந்தோம்.

பெற்றோர்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளுடன் அவ்வழியால் வருதல் வேண்டும் என்பதே எமது அவா.