நாய்க்கும் பத்தியம் உண்டு

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று ஆரம்பப் பள்ளியில் கட்டுரை எழுதாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நன்றிக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன என்பதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதச் சொன்னதில்லை. அதை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவிந்தாபுரம் போகும் சாலையிலும், குமுளி, கம்பம்மெட்டு பக்கத்திலும் கழுத்தில் பட்டையோடு அலையும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். பட்டை இருப்பதால் அது ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்த நாய் என்று தெரியும். முடி கொட்டி, தோல் கறுத்து, நின்ற இடத்தில் நின்று சொறிந்துகொண்டே இருக்கும். "சொறி பிடித்துவிட்டது, குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று யாரோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து எல்லையோரத்தில் இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். வளர்ப்புப் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இப்படி விடப்படும் நாய்களில் சிலவற்றுக்கு வந்திருப்பது தொற்றுநோயே அல்ல, சாப்பாடு ஒத்துக்கொள்ளாத கோளாறு என்பதுதான் என் ஆதங்கம்.

நான் கால்நடை வைத்தியன் அல்ல. டிப்ளமா படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் வீட்டு மணிக்கு இந்தக் கோளாறு வந்து, டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நோய் எது என்பதைப் பார்ப்போம். நாய் சொறிந்துகொண்டால் உடனே சாப்பாட்டின் மேல் பழி போடக் கூடாது. தெள்ளுப்பூச்சி, உண்ணி, பூஞ்சைக் காளான், சொறிப்பூச்சி இவைதான் அதிகம் காணப்படும் காரணங்கள். இவற்றில் சொறிப்பூச்சியும் காளானும் மனிதர்களுக்கும் ஒட்டக்கூடியவை. ஆகவே முதல் வேலை, மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோய்த் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்வது. இவை எதுவும் இல்லை, பூச்சி மருந்து போட்டும் குறையவில்லை, மழைக்காலம் வெயில்காலம் என்ற பேதமில்லாமல் வருஷம் முழுக்க அரிப்பு இருக்கிறது, காதில் திரும்பத் திரும்பச் சீழ் வருகிறது, பாதங்களை ஓயாமல் நக்குகிறது, அடிக்கடி வயிறு கெடுகிறது என்றால் அப்போதுதான் உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒவ்வாமை யாருக்கும் தொற்றாது. குழந்தைகள் தாராளமாகத் தொட்டு விளையாடலாம்.

எந்த உணவு ஒத்துக்கொள்ளாமல் போகிறது? "நாய்க்குச் சோறு ஆகாது" என்று இப்போது பலரும் சொல்லக் கேட்கிறோம். 2016-இல் வெளிவந்த ஒரு மருத்துவத் தொகுப்பாய்வில் உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் கணக்கு இருக்கிறது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பாலும் பால் பொருள்களும் 17 சதவீதம், கோழி 15 சதவீதம், கோதுமை 13 சதவீதம். அரிசி வெறும் 2 சதவீதம்தான். பெரும்பாலும் மேல்நாட்டு நாய்களின் கணக்கு இது என்றாலும், நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கெடுதல் செய்வது பெரும்பாலும் புரதம். அதுவும் நாய் நாள்தோறும் தின்று பழகிய புரதம். நம் பகுதியில் அது என்ன என்று சொல்லவே வேண்டாம். கோழிக்கடைக் கழிவு, மாட்டிறைச்சிக் கடையின் எலும்பு, வீட்டில் மிஞ்சிய தயிர்சாதம், சாயங்காலம் டீயோடு பிஸ்கட்.

சோற்றைப் பற்றி இன்னொரு செய்தி. 2013-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நாயின் மரபணுவை ஓநாயின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடியிருக்கிறது என்று கண்டார்கள். மனிதனோடு வாழ வந்து மனிதனின் சோற்றைத் தின்னக் கற்ற ஜீவன் அது. ஆகவே தானியமே இல்லாத உணவு என்று பெரிய விலைக்கு விற்கும் பொட்டலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தானியத்தை எடுத்துவிட்டு அதிலேயே கோழியைச் சேர்த்திருந்தால், கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு என்ன லாபம்? போதாததற்கு, அப்படிப்பட்ட உணவு தின்ற நாய்களுக்கு இதயத் தசை நோய் வருகிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணையே தொடங்கியது.

சரி, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி? ரத்தத்தையோ எச்சிலையோ எடுத்துச் செய்யும் பரிசோதனைகள் உணவு விஷயத்தில் நம்பத்தக்கவை அல்ல என்பது தோல் நோய் நிபுணர்களின் கருத்து. நம்பத்தக்க வழி ஒன்றே ஒன்று. அதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் பத்தியம்.

சிக்னல் பிரிவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு முறை உண்டு. ஒரே கேபிளில் பல சர்க்யூட்டுகள் ஓடும். எங்கோ மின்கசிவு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டினால் பழுது எங்கே என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். கசிவு நின்றதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடவும் கூடாது. கழற்றியதைத் திரும்ப மாட்டி, மறுபடி கசிகிறதா என்று பார்த்தால்தான் பழுது அதில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியும். நாயின் பத்தியமும் அப்படியே.

அந்த நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள். இரண்டு மட்டும், எட்டு வாரத்துக்கு. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் எட்டு வாரத்துக்குள் தேறிவிடுகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டு வாரத்தில் குறையவில்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். தோல் ஆறுவதற்கு அந்தக் காலம் தேவை.

நம் பகுதியில் பொருளுக்குப் பஞ்சமில்லை. மீன் வாடையே இல்லாமல் வளர்ந்த நாயானால் மத்தியோ அயலையோ போதும். மீன் தின்று பழகிய நாயானால் முயல் இறைச்சி அல்லது பன்றி இறைச்சி. கோழிக்குப் பதில் வாத்து என்று போக வேண்டாம். இரண்டும் பறவை இனம் என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாவுக்கு அரிசி, அல்லது மரவள்ளிக்கிழங்கு. கிழங்கைத் தோல் நீக்கி நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மிளகாய், மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் எந்த நாளிலும் கூடாது, அவை நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட வேண்டும். வளரும் குட்டிக்கு இந்த இரண்டு பொருள் மட்டும் போதாது. குட்டிக்கும், மாமிசம் சமைக்காத வீடுகளுக்கும், புரதத்தை மிகச் சிறு துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த மருத்துவ உணவு கிடைக்கிறது. விலை அதிகம்தான். டாக்டரைக் கேட்டு அதை வாங்கலாம். சாதாரணக் கடைப் பொட்டலத்தை நம்பிப் பத்தியம் இருக்க முடியாது. மேலே எழுதாத இறைச்சி உள்ளே கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது வேறு. பத்தியம் இருக்க வேண்டியது நாய் மட்டும் அல்ல, வீடு முழுவதும்.

நம்மவர்கள் வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்காமல் சாப்பிட மாட்டோம். பேரன் பிஸ்கட்டில் பாதியைக் கீழே போடுவான். ஊரிலிருந்து வந்த விருந்தாளி இட்லியை நெய்யில் தொட்டு நீட்டுவார். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலாக எலும்பு வீசுவார். லயங்களில் வரிசை வீடுகள், எல்லா வாசலும் ஒன்று. யார் எதைப் போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? குடற்புழு மாத்திரையில் சில கோழி அல்லது மாட்டிறைச்சி வாசனை சேர்த்தவை, அவற்றையும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டு வாரத்தில் ஒரு துண்டு பிஸ்கட் உள்ளே போனாலும் கணக்கு குழம்பிவிடும். அன்பினால் போட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்புதான் நாயின் தோலை உரிக்கிறது.

எங்கள் மணிக்கு இரண்டு வருஷமாகக் காதும் பாதமும் புண்ணாக இருந்தன. ஊசி போட்டால் பதினைந்து நாள் நிம்மதி, பிறகு பழையபடி. பத்தியம் தொடங்கியதும் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். வாசல் கதவில் ஒரு காலண்டர் அட்டையைத் தொங்கவிட்டு, "மணிக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதினாள். தினமும் அரிப்பு எவ்வளவு என்று பத்துக்கு இத்தனை எனக் குறித்து வந்தோம். மத்தியும் சோறும்தான் உணவு. ஆறாவது வாரத்தில் எட்டு இருந்தது மூன்றாகியது. எட்டாவது வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம், ஒன்றுக்கு இரண்டு வாரம். கோழி கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. கோதுமை கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. பால் ஊற்றிய நான்காம் நாள் பாதத்தைக் கடிக்க ஆரம்பித்தது. நிறுத்தினோம், அடங்கியது. மற்ற எல்லாம் தின்னலாம், பாலும் தயிரும் மட்டும் ஆகாது. ஆயுளுக்கும் அதற்குத் தேவையான வைத்தியம் அவ்வளவுதான்.

திரும்பக் கொடுத்துப் பார்க்கும் இந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "தேறியிருக்கிறதே, ஏன் கெடுப்பானேன்" என்பார்கள். திரும்பக் கொடுக்காவிட்டால் அது பத்தியத்தால் தேறியதா, மழை போய் உண்ணி குறைந்ததால் தேறியதா என்று தெரியாது. காரணம் தெரியாமல் ஆயுள் முழுக்க மீனும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் முதலிய சத்துக் குறைவு வரும்.

ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத அரிப்புக்கு டாக்டர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் காரணத்தைத் தேடாமல் வருஷக்கணக்கில் ஊசியிலேயே ஓட்டினால் தாகமும் பசியும் உடல் பருமனும் கூடும், சர்க்கரை நோய்கூட வரலாம். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் எட்டு வார மத்தியின் விலை ஒன்றுமே இல்லை.

வழிகாட்ட ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. பாலக்காட்டுக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. உள்ளூர் டாக்டரிடம் போகும்போது, நாய் இதுவரை என்னென்ன தின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அரிப்பு என்றால் புரியாவிட்டால் சொறிச்சில் என்று சொல்லுங்கள், மலையாளத்தில் அதுதான் வார்த்தை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டு நாயோ, பக்கத்து லயத்து நாயோ முடி கொட்டிச் சொறிந்துகொண்டு நின்றால், அதை எல்லை தாண்டி விட்டுவர வண்டி பிடிப்பதற்கு முன் எட்டு வாரம் கொடுங்கள். பத்து வருஷம் நம் வாசலைக் காக்கும் ஜீவனுக்காக ஐம்பத்தாறு நாள் நம் கையைக் கட்டிப்போட்டுக்கொள்வது பெரிய தியாகம் அல்ல.