வாசலில் வந்து நிற்கும் பெட்டி

"வீட்டு வாசல்ல ஒரு பெரிய டப்பாவை இறக்கி வச்சுட்டுப் போயிருக்காங்கம்மா. நாங்களே சாமானை ஏத்திப் பூட்டிட்டா, லாரி வந்து தூக்கிட்டுப் போயிடும்."

அமெரிக்காவில் இருக்கும் மகள் தொலைபேசியில் இப்படிச் சொன்னால், ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சட்டென்று விளங்காது. வீடு மாற்றுவது என்றால் விடியும்போதே லாரி வரும், நாலு ஆட்கள் வருவார்கள், பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது யாராவது சத்தம் போடுவார்கள், பொழுது சாய்வதற்குள் புது வீட்டில் எல்லாம் இறங்கியாக வேண்டும். பழகிய வழக்கம் இதுதான். ஆள் அரவம் இல்லாமல் ஒரு பெட்டி மட்டும் வாசலில் நாள்கணக்கில் நிற்கும் என்றால் யாருக்கும் வியப்பாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இது இப்போது சாதாரணக் காட்சி. கன்டெய்னர் என்றும், பேச்சுவழக்கில் 'பாட்' என்றும் சொல்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

சாமானை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றாமல், பெட்டியோடு தூக்கி மாற்றும் யோசனை கப்பல் தொழிலில் வேரூன்றியது. லாரித் தொழிலில் இருந்த மால்கம் மெக்லீன், 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூஜெர்சியின் நுவார்க் துறைமுகத்திலிருந்து டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கை ஏற்றி இறக்கும் செலவு பெருமளவு குறைந்தது. உலக வணிகமே அதன் பிறகு மாறிப்போனது.

அதே யோசனையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த நிறுவனம் 'பாட்ஸ்'. 1998-ல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் பீட்டர் வார்ஹர்ஸ்ட் இதைத் தொடங்கினார். சாமானைச் சுமந்துகொண்டு கிடங்குக்கு அலைவதற்குப் பதில், கிடங்கே வீட்டுக்கு வந்தால் என்ன என்பதுதான் அடிப்படை. பிறகு பல நிறுவனங்கள் வந்துவிட்டன. 'பாட்' என்ற சொல் ஊர்ச் சொல்லாகிவிட்டதா, நிறுவனத்தின் சொத்தா என்று வழக்கே நடந்தது. யூ-ஹால் நிறுவனம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதற்காக சுமார் 6 கோடி டாலர் தர வேண்டும் என்று 2014-ல் நடுவர் குழு ஒன்று தீர்ப்பளித்தது.

இருபது நாள் இடைவெளி

இந்தப் பெட்டி எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நியூஜெர்சியின் எடிசனில் வீடு. கணவருக்கு டாலஸில் வேலை. பழைய வீட்டை விற்றுச் சாவியைக் கொடுக்க வேண்டிய நாள் ஜூன் 30. புது வீட்டின் சாவி கைக்கு வருவது ஜூலை 20.

நடுவில் இருபது நாள். சோபாவும் கட்டிலும் அதுவரை எங்கே இருக்கும்? லாரி எடுத்தால், கிடங்கில் ஒரு முறை இறக்கி, மறுபடி ஏற்றி, டாலஸில் இன்னொரு முறை இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆள் கூலி. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடையும்.

பெட்டி என்றால் ஏற்றுவது ஒரு முறை, இறக்குவது ஒரு முறை. ஒரு வாரம் முன்பே வாசலில் வந்து நிற்கும். தினமும் வேலை முடிந்து வந்து நாலைந்து அட்டைப்பெட்டிகளை உள்ளே வைக்கலாம். நிரம்பியதும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் அதைத் தன் கிடங்கில் வைத்திருந்து, சொன்ன தேதியை ஒட்டி, சுமார் 2,500 கிலோமீட்டர் தாண்டி டாலஸ் வாசலில் இறக்கும்.

பெட்டிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த அவகாசத்துக்குத்தான். பழைய வீட்டு நாளும் புது வீட்டு நாளும் கச்சிதமாகப் பொருந்துகிறவர்களுக்கு, சாதாரண லாரியே மலிவாக முடியலாம். இடைவெளி இருப்பவர்களுக்கே இது பெரிய உதவி.

தேதியைத் தவறவிட்டால்

ஆனால் அந்த அவகாசத்துக்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியைக் கொண்டுவர ஒரு கட்டணம், மாத வாடகை, தூரத்துக்கு ஒரு கட்டணம், காலிப் பெட்டியைத் திரும்ப எடுக்க ஒரு கட்டணம் என்று பல தலைப்புகளில் பில் வரும். முதல் தொகையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்தவர்கள் கடைசியில் கைபிசைவார்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் பெட்டி ஜூன் 22-ல் வந்தால், 30 நாள் ஜூலை 22-ல் முடிகிறது. ஜூலை 20-ல் சாவி கிடைத்து, 22-ல் பெட்டி வந்து இறங்கினாலும், காலி செய்ய மூன்று நாளாவது வேண்டும். இரண்டாவது மாத வாடகை தலையில் விழுந்துவிடும். ஆகவே கணக்குப் போடும்போதே இரண்டு மாதம் என்று போட வேண்டும். வீட்டுப் பத்திரப் பதிவு தள்ளிப்போவதும் சகஜம். ஒரு மாதம் கூடினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

வாடகை கட்டாமல் மாதக்கணக்கில் விட்டால் நிலைமை மோசம். பல மாநிலங்களில், முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உள்ளிருக்கும் சாமானை ஏலம் விட நிறுவனத்துக்கு வழியுண்டு. கல்யாணப் பாத்திரமும் குழந்தையின் முதல் தொட்டிலும் ஏலத்தில் போய்விடும். வேலை போன குடும்பங்கள் இதில்தான் சிக்குகின்றன. கட்ட முடியாது என்று தெரிந்த உடனே நிறுவனத்திடம் பேசிவிடுவதும், முக்கியமானதையாவது எடுத்துக்கொள்வதும் உத்தமம்.

எத்தனை பெட்டி?

பரவலாகக் கிடைப்பவை 8 அடி, 16 அடி நீளப் பெட்டிகள். அகலமும் உயரமும் சுமார் 8 அடி. 16 அடிப் பெட்டியில் மூன்று, நான்கு அறைச் சாமான் கொள்ளும் என்பார்கள். அது நெருக்கி அடுக்கத் தெரிந்தவர்கள் கணக்கு. பரணில், கார் ஷெட்டில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று படுக்கையறை வீட்டுக்கு இரண்டு பெட்டிகூடத் தேவைப்படும்.

இடம் மட்டும் போதாது, எடைக்கும் வரம்பு உண்டு. யூ-ஹாலின் சிறிய பெட்டியில் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ வரைதான் ஏற்றலாம். புத்தகமும் கிரைண்டர் கல்லும் அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

பெட்டி வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மேலே மரக்கிளையோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும். தெருவில் வைப்பதென்றால் பல ஊர்களில் நகராட்சி அனுமதி தேவை. குடியிருப்போர் சங்கம் இருக்கும் இடங்களில் எத்தனை நாள் நிறுத்தலாம் என்று அங்கும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுக்குவதில்தான் எல்லாம்

பெட்டியைச் சாய்க்காமல், நான்கு பக்கமும் பிடித்து நேராகத் தூக்கும் ஹைட்ராலிக் சட்டம் சில நிறுவனங்களிடம் உண்டு. ஆனாலும் நெடுஞ்சாலையில் லாரி குலுங்கும், பிரேக் போடும். உள்ளே இடைவெளி இருந்தால் சாமான் நகரும், நகர்ந்தால் உடையும்.

கனமானவை முதலில், கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் போக வேண்டும். ஃப்ரிட்ஜை ஒரு பக்கம் வைத்தால் வாஷிங் மெஷினை மறுபக்கம் வைத்து எடையைச் சமப்படுத்த வேண்டும். இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, துடைத்து, காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் இருபது நாளில் பூசணம் பிடித்துவிடும்.

தரையிலிருந்து கூரை வரை ஒரு வரிசையை முடித்து, கயிறோ பட்டையோ போட்டு இறுக்கிக் கட்டிய பிறகே அடுத்த வரிசை. மெத்தையைச் சுவரோடு நிறுத்தினால் மர மேசைக்கு அணையாக இருக்கும். புத்தகங்கள் சின்ன அட்டைப்பெட்டியில், தலையணைகள் பெரிய அட்டைப்பெட்டியில். வெட் கிரைண்டரின் கல்லைத் தனியே எடுத்துப் பழைய போர்வையில் சுற்றித் தரையோடு வைக்க வேண்டும்.

இதெல்லாம் முதுகை ஒடிக்கும் வேலை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா, "நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று முன்வந்தால், அன்பாகப் பேசி நாற்காலியில் உட்காரவைத்துவிட வேண்டும். மணிக்கணக்கில் கூலிக்கு ஏற்றிக்கொடுக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். கட்டில், சோபா, ஃப்ரிட்ஜுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் அவர்களை அழைத்தால் போதும்.

உள்ளே போகக் கூடாதவை

பெயின்ட், பெட்ரோல், கேஸ் சிலிண்டர், பட்டாசு போன்ற தீப்பிடிக்கும் பொருள்களை ஏற்ற எந்த நிறுவனமும் அனுமதிக்காது. பூஜை அறையின் கற்பூரமும் தீப்பெட்டியும் இந்த வகைதான். அரிசி, பருப்பு, ஊறுகாய் ஜாடி வேண்டவே வேண்டாம். எலிக்கும் பூச்சிக்கும் விருந்தாகிவிடும்.

சாதாரணப் பெட்டியில் குளிர்சாதனம் கிடையாது. டெக்சாஸின் ஜூலை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். பழைய புகைப்படங்களும் மெழுகுவர்த்தியும் கெட்டுவிடும். வீணை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகு இளகினால் மெட்டு நகரும்; பிறகு சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். வீணை காரில், கூடவே வரட்டும். காரையும் வெயிலில் மூடி நிறுத்தக் கூடாது.

தோட்டத்து நாற்காலி, குழந்தையின் சைக்கிள் போன்ற வெளியில் கிடந்த சாமானை ஏற்றுவதற்கு முன் திருப்பிப் பார்க்க வேண்டும். 'ஸ்பாஞ்சி மாத்' என்ற அந்துப்பூச்சி இவற்றில் முட்டைக் குவியலை ஒட்டவைத்திருக்கும். 1869 வாக்கில் பட்டுப்புழு ஆராய்ச்சிக்காக மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய பூச்சி இது. பின்னர் காடுகளையே மொட்டையாக்கியது. நியூஜெர்சி போல இந்தப் பூச்சி பரவிய பகுதியிலிருந்து இல்லாத பகுதிக்குக் குடிபெயரும்போது, வெளிச்சாமானைச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

உடைந்தால் யார் பொறுப்பு?

பலரும் கேட்க மறப்பது இதைத்தான். தாங்களே ஆள் வைத்துக் கட்டி ஏற்றும் நிறுவனம் மாநிலம் விட்டு மாநிலம் சாமானைக் கொண்டுபோகும்போது, கூடுதல் கட்டணம் இல்லாத அடிப்படைப் பொறுப்பு பவுண்டுக்கு 60 சென்ட் மட்டும்தான். 40 பவுண்டு டிவி உடைந்தால் கிடைப்பது 24 டாலர். வீட்டுக்காரரே ஏற்றிப் பூட்டும் பெட்டியிலோ, "சரியாகக் கட்டாதது உங்கள் தவறு" என்று சொல்லிவிட நிறுவனத்துக்கு இடமிருக்கிறது.

வீட்டுக் காப்பீடு வழியில் உடைவதற்கும், கிடங்கில் இருக்கும்போது நடக்கும் சேதத்துக்கும் பொருந்துமா என்று ஏஜென்டிடம் கேட்க வேண்டும். பொருந்தாவிட்டால் தனியாக எடுக்கலாம். ஒவ்வொரு வரிசையையும் கட்டும்போது செல்போனில் படம் எடுத்து, எந்த அட்டைப்பெட்டியில் என்ன என்று பட்டியல் எழுதிவைத்தால் பிறகு வாதாட ஆதாரம் இருக்கும்.

கையோடு போக வேண்டியவை

பூட்டிக் கிடங்குக்குப் போன பெட்டியை நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. முன்பதிவு செய்துகொண்டு கிடங்குக்குப் போக வேண்டும். வழியில் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே பாஸ்போர்ட், விசா காகிதங்கள், நகை, மருந்து மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவையும் பழைய பள்ளியின் மதிப்பெண் அறிக்கையையும் மறக்கவே கூடாது. புதுப் பள்ளியில் சேர்க்க அவற்றைக் கேட்பார்கள். டெக்சாஸில் பெரும்பாலான பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறந்துவிடும். காகிதம் பெட்டியின் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டால், பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பெட்டியில் கடைசியாக ஏற்றியதுதான் முதலில் இறங்கும். அதனால் கதவை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டிக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். அதில் பால் பாத்திரம், காபி ஃபில்டர், நாலு தம்ளர், குத்துவிளக்கு, ஒரு போர்வை, ஒரு ஸ்க்ரூடிரைவர். டாலஸ் வாசலில் பூட்டைத் திறந்ததும் கைக்கு முதலில் கிடைப்பது அதுவாக இருந்தால், மற்ற நூறு அட்டைப்பெட்டிகளும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அன்றைக்கே பால் காய்ச்சிவிடலாம்.