எதை எடுத்து வைப்பது?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறதா, சகோதரிகளே? 2011-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த லாப்டாப்கள் பலவற்றில், சென்னை சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ லினக்ஸ் இருந்ததே, அதுவும் இந்தக் குடும்பந்தான். “டிஸ்க்கு முழுவதையும் நகல் எடுத்துவிடு” என்று பிள்ளையாண்டான் சொல்வான். அவசியமே இல்லை!

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் புகுந்ததே, நினைவிருக்கிறதா? பிறகு அரசாங்கம் முகாம் போட்டு, வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு நகல் கொடுத்தது. கல்யாண ஆல்பத்துக்கு எந்த முகாமில் போய் நிற்பது? அந்தக் கணக்குத்தான் இங்கேயும். திரும்பக் கிடைக்காததை மட்டும் எடுத்து வையுங்கள்.

டிஸ்க்கை அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பார்ட்டிஷன். ‘ஹோம்’ என்ற அறைதான் பூஜை அறை மாதிரி. படங்கள், கடிதங்கள் எல்லாம் அங்கே. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபைல்கள் சாதாரணமாகக் கண்ணில் படாது, அவற்றையும் விடாதீர்கள். ‘எட்ஸி’ அஞ்சறைப் பெட்டி போலச் சின்னது. நீங்கள் செய்த ஏற்பாடுகள் அதில் இருப்பதால் அதுவும் வேண்டும். ‘யு.எஸ்.ஆர்.’ பெரிய இடந்தான், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மறுபடி இலவசமாக இறக்கிக்கொள்ளும் சரக்கு. மளிகைச் சீட்டு எழுதுவதுபோல் பெயர்ப் பட்டியல் எடுத்தால் போதும். ‘டெம்ப்’, ‘ஸ்வாப்’ இரண்டையும் தொடவே வேண்டாம். ‘ப்ராக்’ என்பதோ வெறும் கண்ணாடி பிம்பம். டிஸ்க்கில் கிடையவே கிடையாது.

‘வார்’ தான் பொல்லாதது. பாதி குப்பை, ஆனால் மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் செய்யும் அம்மாளின் கணக்கு, டேட்டாபேஸாக அதற்குள் ஒளிந்திருக்கலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே நகல் எடுத்தால், எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் பாதியில் பிடுங்கியது போலாகும். டேட்டாபேஸைக் கொண்டே முதலில் ‘டம்ப்’ எடுக்கச் சொல்லி, அந்த ஃபைலை வையுங்கள்.

எடுத்த நகலைக் கம்ப்யூட்டர் மேஜை இழுப்பறையிலேயே வைப்பானேன்? தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா நனையும்! தியாகராய நகர்க்காரர்கள் அடையாற்றுத் தங்கை வீட்டில் கொடுத்து வைக்கலாம். தங்கை வீடு மாடியில் இருந்தால் விசேஷம். கொடுக்குமுன் ஒரு படத்தையாவது அதிலிருந்து திறந்து பாருங்கள்.

புது டிஸ்க்கு வாங்கினால், பழைய ‘எட்ஸி’யை அப்படியே கொட்டிவிடாதீர்கள். பழைய பார்ட்டிஷன்களின் அடையாள எண்கள் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் அடம் பிடிக்கும். வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.