வெற்றிக்கு எதற்கு அனுமதிச்சீட்டு?

2025 ஜூன் 3ஆம் திகதி இரவு அஹமதாபாத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களால் வென்றது றோயல் சலஞ்சர்ஸ் பெங்களூரு அணி. 18 வருடங்களாகக் காத்திருந்து தூக்கிய முதல் கிண்ணம். மறுநாள் பிற்பகல் அந்த அணியைப் பார்க்கவென்று பெங்களூரு சின்னசுவாமி மைதானத்தின் வாயில்களில் திரண்டவர்களில் 11 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: "பொம்புளப் புள்ளைகள் சனத்துக்குள்ள போகப்படாது எண்டு இதுக்குத்தான் சொல்றது."

நான் இதை ஏற்கமாட்டேன். அன்று நடந்ததைச் சற்று விரிவாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அந்த மைதானத்தில் ஏறக்குறைய 35,000 பேர்தான் இருக்கலாம். வந்தவர்கள் 2 முதல் 3 இலட்சம் பேர் என்று கர்நாடக முதலமைச்சர் சொன்னார். மாலை 5 மணிக்கு வெற்றி ஊர்வலம் என்று அணி தனது சமூக வலைத்தளப் பக்கத்தில் அறிவித்தது பிற்பகல் 3 மணிக்குப் பிறகு. மைதானத்துக்குள் நடக்கும் விழாவுக்கு இலவச அனுமதிச்சீட்டு இணையத்தளத்தில் குறைந்தளவே கிடைக்கும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. ஊர்வலத்துக்கோ பொலிஸார் அனுமதி கொடுத்திருக்கவில்லை, அது நடக்கவுமில்லை. ஆகவே தெருவோரம் நின்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும், சீட்டு வைத்திருந்தவர்களும், சீட்டென்றால் என்னவென்றே தெரியாதவர்களும் ஒரே வாயில்களில் போய் முட்டினார்கள். வெளியே உயிர் போன பின்னும் உள்ளே விழா நடந்தது. விடயம் தெரிந்ததும் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டோம் என்றது அணி நிர்வாகம். ஆகஸ்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 25 இலட்சம் இந்திய ரூபா கொடுப்பதாக அறிவித்தது.

சனம் திரண்டது குற்றமா? திரளச் சொல்லி அழைத்துவிட்டு வாயிலைச் சுருக்கியது குற்றமா?

ஐ.பி.எல். போட்டிகளை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்டது. திரண்டு ஆரவாரிக்கும் சனம் இல்லாமல் அந்தப் பொருளுக்கு அவ்வளவு விலை வராது. ஆனால் அந்தச் சனத்துக்கு நிற்க இடம் தேடும் பொறுப்பு கடைசியில் யாருடையதுமில்லை. பெங்களூரு அணியின் உரிமை அப்போது ஒரு மதுபான நிறுவனத்திடம் இருந்தது. அணியின் பெயரே ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயர் போட்ட சட்டையோடு எங்கள் ஊர்ப் பையன்களும் திரிகிறார்கள். என் தம்பியிடமும் ஒன்று இருக்கிறது. உம்மாவுக்கு நான் இன்னும் விளக்கம் சொல்லவில்லை.

நம் நாட்டில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி, ஒரே நாளில், டுபாயில் நம் ஆண்கள் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டையும், சிங்கப்பூரில் நம் பெண்கள் ஆசிய வலைப்பந்தாட்டத்தையும் வென்றார்கள். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்துப்போன வருடம் அது. 13ஆம் திகதி வீரர்களும் வீராங்கனைகளும் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு வரை தெருவழியே வந்தார்கள். வலைப்பந்தாட்ட அணியில் நம் தர்ஜினி சிவலிங்கமும் இருந்தார். அந்தத் தெருவில் நின்று கையசைக்க யாரும் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. நீண்ட தெருவில் சனம் பரந்து நிற்கும். வாயிலில் அப்படி நிற்க முடியாது.

எங்கள் தீவில் விளையாட்டு என்றால் முதலில் உதைபந்தாட்டம்தான். பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று எங்கு போனாலும் பின்னேரம் மணலில் ஒரு பந்து உருளும். இறுதிப் போட்டி நடக்கும் மைதானத்துக்கு எங்களில் பெரும்பாலான பெண் பிள்ளைகள் போவதில்லை. நாங்கள் இருந்து பார்க்க அங்கே ஓர் இடமும் இல்லை. ஆனால் கிண்ணம் வென்றால் பையன்கள் பட்டாவில் ஏறி, வெடி கொளுத்தி, ஊரெல்லாம் சுற்றி வருவார்கள். படலையடிக்கு உம்மாமாரும் கண்பார்வை மங்கிய மூத்தம்மாமாரும் வந்து நிற்பார்கள். கிண்ணத்தை நாங்கள் தொட்டுப் பார்ப்பது அங்கேதான்.

இப்போது அதுவும் குறைந்து வருகிறது. அண்மையில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் அனுசரணையாளரின் பதாகைக்கு முன்னால் படம் எடுத்து, விருந்தினர் பேச்சு முடித்து, மண்டபத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சாப்பாடு கொடுத்து, கிண்ணம் ஊருக்குள் வரவேயில்லை. அனுசரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்தும் சப்பாத்தும் சும்மா கிடைப்பதில்லை. பணம் கொடுத்தவர் பதாகையைக் கட்டட்டும். ஊரின் பெயரோடு விளையாடி வென்ற கிண்ணத்தை அவர் மண்டபத்துக்குள் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடியபோது, நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் மறைவாக நிற்க வைத்து, அவர்களாகவே போதும் என்னும் வரை பார்க்க விட்டார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பார்க்காதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பவில்லை. பாதுகாப்பாக நின்று பார்க்க இடம் செய்து கொடுத்தார்கள்.

அடுத்த சுற்றுப்போட்டியை நடத்தப்போகும் கழகங்களிடம் நாங்கள் கேட்பதும் அதுதான். மைதானத்தின் ஒரு பக்கத்தில் பெண்களுக்குத் தனியாக ஒரு பந்தலும் தனியாக ஒரு வழியும் வையுங்கள். வென்ற அணியின் வாகனம் எந்தத் தெருக்களால் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாளே அறிவியுங்கள். மஃரிபுக்கு முன் எங்கள் ஒழுங்கைக்கும் ஒருமுறை வந்து போகட்டும்.