ஊர் புதிது, நட்புக்கு என்ன வழி?

வெளிநாட்டில் வேலை. கை நிறையச் சம்பளம், வசதியான வீடு. ஆனால், ராத்திரி காய்ச்சல் அடித்தால் யாரைக் கூப்பிடுவது? போய் ஒரு வருடம் ஆன பிறகும் இதற்குப் பதில் தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

1938-ல் கோலாலம்பூரில் வேலை பார்த்த சில ஆங்கிலேயர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கிஸ்பர்ட் என்ற கணக்காளர் நண்பர்களோடு ஓர் ஓட்டத்தைத் தொடங்கினார். ஒருவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓடுவார். மற்றவர்கள் தடம் தேடிப் பின்னால் ஓட வேண்டும். நடுவே பொய்த் தடங்களும் உண்டு. வேகமாக ஓடுகிறவர் அதில் ஏமாந்து திரும்புவதற்குள் தொப்பைக்காரரும் வந்து சேர்ந்துவிடுவார். கடைசியில் பீர் உண்டு என்பது தனிக்கதை! அவர்கள் சாப்பிட்ட இடத்தின் பட்டப்பெயரை வைத்து, குழுவுக்கு ‘ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்று பெயர். 1942-ல் சிங்கப்பூர்ப் போரில் கிஸ்பர்ட் உயிரிழந்தார். போர் முடிந்ததும் மிஞ்சிய நண்பர்கள் மறுபடி ஓடினார்கள். இன்று பல நாடுகளில் இதற்குக் கிளைகள் உண்டு.

சேர்ந்து ஓடினால் எப்படி நட்பு வரும்? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறி வந்தவர்களிடம் விசாரித்து ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்த நேரம் இதற்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

வாரம் இரண்டு மணி நேரம் பேட்மிண்டன் ஆடினால், 50 மணி சேரவே ஆறு மாதம் ஆகும். இரண்டே வாரம் போய்விட்டு, ‘இங்க யாரும் ஒட்ட மாட்டேங்கறாங்கம்மா’ என்று போனில் புலம்புகிற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

எல்லாப் பொழுதுபோக்கும் உதவாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போகும் ஜிம்மில் பல்லைக்கூடப் பார்க்க முடியாது. வாராவாரம் அதே நாள், அதே முகங்கள் இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு வருடத்தில் ஒருநாள் தலைகாட்டினால் மணிக்கணக்கு ஏறாது. அதே விழாவின் நாடக ஒத்திகையில் சேர்ந்தால் ஏறும்.

மொழி தெரியாத ஊர் என்றால் கைவேலை நல்லது. ஜெர்மனியில் ‘ஃபோக்ஸ்ஹோக்ஷூலே’ என்ற மக்கள் கல்வி மையங்கள் ஊருக்கு ஊர் உண்டு. தையல், சமையல், மண்பாண்டம் என்று மாலை வகுப்புகள் நடக்கும்; கட்டணமும் அதிகமில்லை. கை மண்ணில் இருக்கும்போது, பேச வார்த்தை கிடைக்காவிட்டாலும் சங்கடமாக இருக்காது.

கணவரின் வேலைக்காகக் கூடப் போகும் மனைவிக்குத்தான் இது முதலில் தேவை. அவருக்கு அலுவலகம்கூட இல்லை. சில விசாக்களில் வேலைக்குப் போகவும் அனுமதி கிடையாது. வாரத்தில் ஒரு மாலை கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அவர் வகுப்புக்குப் போய்வரலாம்.